இரண்டு சொற்கள், ஒரே நீர்: அடுகோடிப் பள்ளத்தாக்கும் தென்பெண்ணையும்

பெங்களூரின் அடுகோடிக்குத் தெற்கே, மடிவாளா சோமேசுவரர் கோயிலின் புறச்சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று 1247ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது. வேப்பூரைச் சேர்ந்த ஒருவர், அதாவது இன்றைய பேகூர்க்காரர், அளித்த நிலக்கொடையைப் பற்றியது. மற்றொன்று வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைக் குறிப்பிடுகிறது. தாமரைக்கரை என்றோர் இடமும் வருகிறது. அது அடுகோடியை அடுத்துள்ள இன்றைய தாவரெகெரெ என்பர். இக்கல்வெட்டுகளை எடுத்துப் பேசுவோர் பெரும்பாலும் நகரின் பெயர் எவ்வளவு பழையது, இங்கே தமிழ் எவ்வளவு பழையது என்னும் இரு கேள்விகளோடு நின்றுவிடுகின்றனர். 'ஏரிக்குக் கீழ்' என்னும் இருப்பிடக் குறிப்பு அதே அளவு கவனத்திற்குரியது. கொடையளித்த நிலத்தை அடையாளம் காட்ட, அதற்கு எந்த ஏரியின் நீர் பாய்கிறது என்று சொன்னால் அன்று போதுமாக இருந்தது. ஏரிக்குக் கீழே இருப்பது நிலத்தின் மதிப்பு.

இன்று அதே பள்ளத்தாக்கில் ஏரிக்குக் கீழே இருப்பவர்கள் நுரையையும் நாற்றத்தையும் பெறுகின்றனர். பெல்லந்தூருக்குக் கீழே வர்த்தூர். அதற்குக் கீழே தென்பெண்ணை. அதற்கும் கீழே ஒசூரின் கெலவரப்பள்ளி அணை. 'கீழ்' என்னும் சொல்லின் பயன்மதிப்பு எழுநூற்றைம்பது ஆண்டுகளில் தலைகீழானது எப்படி என்பது கழிவுநீர்ப் பொறியியலின் வரலாறு மட்டுமன்று. எந்த நீரை எந்தக் கணக்கில் எழுதுவது என்னும் ஆட்சி வரலாறுமாகும்.

பெங்களூர் ஒரு முகட்டின் மேல் அமர்ந்த நகரம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், வடக்குத் தெற்காக ஓடும் மேட்டின் இருபுறமும் அது சரிந்து கிடக்கிறது. பசவனகுடிக்கு மேற்கே விழும் மழைத்துளி விருஷபாவதி வழியாக அர்க்காவதியிலும் பின்னர்க் காவிரியிலும் சேரும். கிழக்கே விழுவது கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் இறங்கிப் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையை அடையும். வடக்கே ஹெப்பாள் பள்ளத்தாக்கின் நீரும் தென்பெண்ணைக்கே உரியது. மேல் என்பதிலிருந்து மேற்கையும் கீழ் என்பதிலிருந்து கிழக்கையும் ஆக்கிக்கொண்ட தமிழுக்கு அடுகோடிப் பக்கம் இயல்பாகப் பொருந்தும். விருஷபாவதிப் பக்கம் பொருந்தாது.

அடுகோடி இக்கிழக்குச் சரிவின் மேற்பகுதியில் உள்ளது. கன்னடத்தில் 'கோடி' என்பது ஏரி நிரம்பி வழியும் இடம். தமிழில் கலிங்கு, கலங்கல் என்று வழங்குவது. ஏரி கோடி விழுந்தது என்றால் நிரம்பி வழிகிறது என்று பொருள். அடுகோடியின் ஈற்றுச்சொல்லும் இதுதானோ என்று கேட்கத் தோன்றும். ஒலியொப்புமையை மட்டும் வைத்து ஊர்ப்பெயருக்கு வேர் சொல்வது முறையன்று. ஆயினும் இப்பள்ளத்தாக்கின் இயக்கம் முழுவதும் கோடியால் ஆனது என்பதில் ஐயமில்லை. பைரசந்திரா நிரம்பித் தாவரெகெரெ, அது நிரம்பி மடிவாளா, அது நிரம்பி அகரம், அது நிரம்பிப் பெல்லந்தூர். ஒரு கோடியை அடுத்த ஏரியோடு இணைத்த வாய்க்காலுக்கு 'ராஜகாலுவே' என்று பெயர். காலுவே நம் கால்வாய்தான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத மேட்டுநிலத்தில், மழையைப் படிப்படியாகத் தேக்கி இறக்குவதற்கு உருவான ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டின் மேல் இரண்டாவது ஒன்று வந்து படிந்தது. 1896இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது. 1898இல் கொள்ளைநோய் வந்தது. அதன் பின் பசவனகுடியும் மல்லேசுவரமும் அகன்ற தெருக்களோடு விரிந்தன. வீட்டுக்குள் குழாயில் நீர் வந்தால் வீட்டிலிருந்து அது வெளியேறியும் ஆக வேண்டும் என்ற எளிய உண்மையை நகரம் ஒரு தலைமுறை கழித்தே எதிர்கொண்டது. 1922இல் நகரின் நடுப்பகுதியில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன. நகர் முழுமைக்குமான திட்டம் 1950இல்தான் கையிலெடுக்கப்பட்டது. சிறிய குழாய்கள் சுட்டமண்ணால் ஆனவை. 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை கான்கிரீட்.

கன்னடத்தில் இக்குழாய் அமைப்புக்கு 'ஒளசரண்டி' என்று பெயர். ஒள என்பது உள். சரண்டி என்பது வடிகால். ஆக, வெளியே மழைநீருக்கு ராஜகாலுவே, உள்ளே கழிவுநீருக்கு ஒளசரண்டி. சொற்கள் இரண்டு. துறைகளும் இரண்டு: 1964இல் உருவான பெங்களூர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியத்திடம் ஒளசரண்டியும், மாநகராட்சியிடம் ராஜகாலுவேயும் இருந்தன. ஆனால் சரிவு ஒன்றே. மின்விசையால் தள்ளாமல் தன் எடையால் ஓடும் குழாய், நிலத்தின் தாழ்வான கோட்டைத் தேடியே செல்லும். அக்கோட்டில் முன்பே ராஜகாலுவே இருந்தது. எனவே பெருங்குழாய்கள் அதன் ஓரமாகவும், சில இடங்களில் அதன் படுகையிலேயும் இடப்பட்டன. குழாய் உடைந்தால், அடைத்தால், நிரம்பினால் கழிவுநீர் போகுமிடம் எட்டடிக்குள் காத்திருந்தது. பெங்களூரின் நீர்மாசு வரலாற்றை விளக்க வேறு சிக்கலான கோட்பாடு தேவையில்லை என்றே சொல்லலாம். எஞ்சியவை இந்த அண்மையின் விளைவுகள்.

இவ்விடத்தில் ஒரு மனிதரைக் குறிப்பிட வேண்டும். கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, அதில் பெருகும் நுண்ணுயிர்த் திரளைப் படியவைத்து, அத்திரளையே மீண்டும் புதிய கழிவுநீரில் கலக்கும் முறைக்குச் 'செயலூட்டிய கசடு' முறை என்று பெயர். உலகின் பெருநகரங்களில் பெரும்பாலானவை இன்றும் இதன் ஏதேனும் ஒரு வடிவத்தையே நம்பியுள்ளன. இதனை 1914இல் மான்செஸ்டரில் அறிவித்தவர்கள் ஆர்டனும் லாக்கெட்டும். அவர்களை அந்த ஆய்வில் இறக்கியவர் கில்பர்ட் ஃபௌலர். அமெரிக்காவின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் காற்றூட்டிய கழிவுநீர்ச் சோதனைகளைக் கண்டு திரும்பியவர் அவர். அந்த ஃபௌலர் 1916இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குப் பேராசிரியராக வந்து 1924 வரை பணியாற்றினார். கழிவில் உள்ள நைட்ரஜனை வீணாக்காமல் மண்ணுக்குத் திருப்புவது அவருடைய நீண்ட நாள் அக்கறை. நகரின் நடுவில் முதல் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்ட 1922இல், அக்குழாய்களின் முடிவில் என்ன இருக்க வேண்டும் என்பதை உலகிலேயே நன்கறிந்த ஒருசிலருள் ஒருவர் அதே நகரில் வாழ்ந்துகொண்டிருந்தார். குழாய்களின் முடிவில் சுத்திகரிப்பு நிலையம் வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அறிவு இல்லாமையால் நேர்ந்த தாமதம் அன்று அது. கழிவை வெளியேற்றுவது நகரின் கடமை, வெளியேறிய பின் அது என்னவாகிறது என்பது நகரின் கடமையன்று என்னும் அக்கால எல்லைக்கோட்டால் நேர்ந்தது.

அந்த அரை நூற்றாண்டில் அடுகோடி ஊராக இருந்து தொழிற்பகுதி ஆனது. 1923இல் ஒசூர் சாலையோரம் இம்பீரியல் பால்பண்ணை நிறுவனம் நிலைகொண்டது. 1927இல் காந்தி அங்கே சென்று மாடு வளர்ப்பைப் பற்றி அறிந்தார். இன்று அது தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்னக நிலையம். 1950களின் தொடக்கத்தில் மைக்கோ தொழிற்சாலை வந்தது. தொழிலாளர் குடியிருப்புகளும் காவலர் குடியிருப்புகளும் வந்தன. தமிழ் பேசும் குடும்பங்கள் பெருகின. கழிவுநீர் பெருகியது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

1974ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் முடிச்சு. அவ்வாண்டு மூன்று நிகழ்வுகள் ஒன்றோடொன்று தொடர்பின்றி நடந்தன. முதலாவது, காவிரியின் முதற்கட்டத் திட்டம் நிறைவேறி நகருக்கு நீர் வந்தது. தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, 500 மீட்டர் உயரம், மூன்று கட்டங்களாக ஏற்றம். இரண்டாவது, நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. மூன்றாவது, சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1924இல் செய்துகொண்ட காவிரி ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டுக் காலம் முடிவுக்கு வந்தது. மூன்றாவதைப் பற்றித் தமிழில் நூல்களே உள்ளன. முதல் இரண்டையும் சேர்த்துப் படிப்போர் மிகக் குறைவு. சேர்த்துப் படித்தால் புலப்படுவது இது: காவிரிப் படுகையிலிருந்து எடுத்த நீரின் பெரும்பகுதி முகட்டைத் தாண்டித் தென்பெண்ணைப் படுகையில் கழிவாக இறங்கத் தொடங்கிய ஆண்டு அது. ஒரு படுகையிலிருந்து மற்றொரு படுகைக்கு நீர் மாற்றம் என்று யாரும் அதற்குப் பெயரிடவில்லை. பெயரிட்டிருந்தால் கணக்கில் வந்திருக்கும்.

கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரிப்பு நிலையம் 1970களில்தான் பிறந்தது. தொடக்கத்தில் அது முதல்நிலைச் சுத்திகரிப்பு மட்டும் செய்தது: சல்லடையில் குப்பையை நிறுத்துவது, மணலைப் படியவிடுவது, கனமான கசடை அடியில் தேக்குவது. காற்றூட்டல், அதாவது ஃபௌலரின் முறை, பின்னரே சேர்ந்தது. நாளொன்றுக்கு 248 மில்லியன் லிட்டர் கொள்ளளவுள்ள நிலையமாக அது வளர்ந்தது. அண்மைக் காலத்தில் அருகே புதிய அலகுகளும் எழுந்தன. பள்ளத்தாக்கின் அடியில், பெல்லந்தூர் ஏரியின் அருகில் அது இருப்பது பொறியியல் நோக்கில் சரி. எல்லாக் குழாய்களும் தாமாக அங்கே வந்து சேரும். வரலாற்று நோக்கில் அவ்விடத் தேர்வு ஒரு பந்தயம். இடையில் ஒரு குழாயும் கசியாது, எல்லா வீடும் இணைப்புப் பெறும், நகரம் குழாயைவிட வேகமாக வளராது என்னும் மூன்று நம்பிக்கைகளின் மேல் வைத்த பந்தயம். மூன்றும் தோற்றன.

சுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றி எழுதுவோர் அடிக்கடி தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. நிலையத்தின் வெளிவாயில் எடுத்த நீரின் தரமும் ஏரியின் தரமும் வெவ்வேறு கேள்விகள். வெளிவாயில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை விதித்த அளவுக்குள் இருக்கலாம்; அதே நாளில் ஏரி செத்துக் கிடக்கலாம். ஒளசரண்டியில் ஓடி வந்ததைத்தான் நிலையம் சுத்திகரிக்கும். ராஜகாலுவேயில் ஓடியது நிலையத்தைக் கடந்து நேராக ஏரிக்குச் செல்லும். நிலையத்தின் செயல்திறனை உயர்த்தினால் ஆறு தூய்மையாகும் என்று நினைப்பது, வகுப்புக்கு வந்த மாணவரின் மதிப்பெண்ணைக் கொண்டு ஊரின் எழுத்தறிவை அளப்பது போன்றது.

இப்பின்னணியில்தான் அடுகோடியைச் சுற்றியுள்ள சிறு நிலையங்களைப் பார்க்க வேண்டும். லால்பாக்கில் நாளொன்றுக்கு 1.5 மில்லியன் லிட்டர். கப்பன் பூங்காவில் 1.5, மடிவாளா ஏரியருகில் 4. மூன்றையும் கூட்டினால் 7. பெரிய நிலையத்தின் 248இல் மூன்று விழுக்காடுகூட இல்லை. பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், கழிவு உருவாகும் இடத்துக்கு அருகில், பெருங்குழாயிலிருந்து தேவையான அளவை மட்டும் எடுத்துச் சுத்திகரித்து அங்கேயே பயன்படுத்துவது இவற்றின் இயல்பு. பூங்காக்களில் செடிகளுக்கு, மடிவாளாவில் ஏரிக்கு. மடிவாளாவில் காற்றில்லாச் சூழலில் கசடுப் படுகை வழியே நீரை மேல்நோக்கிச் செலுத்தும் தொட்டியும், அதன்பின் குட்டைகளும், தாவரங்கள் நிறைந்த செயற்கைச் சதுப்பும் சேர்ந்து இயங்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. காற்றூட்டும் எந்திரங்களின் மின்செலவு இல்லாத அம்முறை, நம் ஏரிகளின் பழைய இயல்புக்கு நெருக்கமானது. தழைச்சத்தையும் மணிச்சத்தையும் தாவரம் உறிஞ்சும். எந்திர நிலையங்கள் அவற்றைப் பெரும்பாலும் அப்படியே வெளியே விடுகின்றன.

சிறு நிலையங்களை நகரின் மீட்பு வழியாகப் போற்றும் எழுத்து இன்று மிகுதி. அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. ஏழு மில்லியன் லிட்டர் ஆற்றின் தரத்தை மாற்றாது. பூங்காவுக்கு நீர் தரும் நிலையம் பூங்காவின் தேவை அளவுக்குத்தான் எடுக்கும். பிரித்த கசடைப் பொதுவாக அதே பெருங்குழாயில் திருப்பிவிடும். ஆனால் இவற்றின் வரலாற்று முக்கியத்துவம் அளவில் இல்லை. கழிவுநீர் ஓடி மறைய வேண்டிய ஒன்று என்னும் 1922இன் கருத்து, அது அருகிலேயே பயன்படத்தக்கது என்னும் கருத்துக்கு முதன்முதலில் இடம்விட்டது இங்குதான். ஃபௌலர் நைட்ரஜனுக்குச் சொன்னதை நகரம் எண்பது ஆண்டுகள் கழித்து ரோஜாச் செடிக்குச் செய்தது எனலாம்.

இதற்கிடையில் ஏரிகளே குறைந்தன. தர்மாம்புதி ஏரி கெம்பேகவுடா பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது. சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமானது. பள்ளத்தாக்கின் பெயரில் மட்டும் அது எஞ்சியிருக்கிறது. கோரமங்கலா ஏரியின் நிலத்தில் 1997ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுகளுக்கான குடியிருப்பு எழுந்தது. 1985இல் அமைந்த லட்சுமண ராவ் குழு, ஏரிகளுக்குள் கழிவுநீர் புகாமல் திருப்ப வேண்டும் என்று தெளிவாகவே பரிந்துரைத்திருந்தது. இடைப்பட்ட ஏரிகள் மறைந்ததால், அவை செய்துவந்த தேக்கமும் படிவும் உயிரியல் சுத்திகரிப்பும் மறைந்தன. முழுச் சுமையும் கடைசியில் இருந்த பெல்லந்தூர்மேல் விழுந்தது. சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரி, திட்டமிடாமலேயே நகரின் மிகப்பெரிய ஆக்சிஜனேற்றக் குட்டையாயிற்று.

பின் நிகழ்ந்தவை செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. 2015 மே மாதம் பெல்லந்தூரின் நுரை தீப்பற்றியது; 2017 பிப்ரவரியில் ஏரியில் தீ; 2018 ஜனவரியில் மீண்டும். நீர் எரிவது உலகச் செய்தியானது. நுரையின் இயக்கம் தீயைவிடப் பாடம் மிகுந்தது. சலவைத்தூளில் உள்ள பரப்பியங்கிகள் காற்றுள்ள நீரில் எளிதில் சிதையும். காற்றற்ற அடிச்சேற்றில் அவ்வளவு எளிதில் சிதைவதில்லை. சுத்திகரிக்காத கழிவோடு வந்து ஆண்டுக்கணக்கில் சேற்றில் தங்கியவை, பெருமழையில் சேறு கலங்கும்போது மேலெழுகின்றன. நீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு கலக்கும் இடத்தில் நுரைக்கின்றன. அந்த இடம் ஏரியின் கோடி. ஒரு காலத்தில் கோடி விழுந்தால் ஊர் கூடிப் பூசை செய்தது; இப்போது நுரை சாலைக்குப் பறக்காமல் வலை கட்டுகிறார்கள்.

2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் செலுத்தப் பணித்தது. மெஜஸ்டிக் பகுதியிலிருந்து பெல்லந்தூர் வரையிலான ராஜகாலுவேயைக் கழிவுநீரற்ற நீர்வழியாக மீட்கும் கே-100 என்னும் திட்டமும் பின்னர்த் தொடங்கியது. சாந்திநகர், கோரமங்கலா வழியே அது செல்கிறது. அதன் உள்ளடக்கம் எளியது: வெளியே ஓடுவதை உள்ளே திருப்புவது. 1922க்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து, இரண்டு சொற்களுக்கும் உரிய இரண்டு நீரைப் பிரித்தெடுக்கும் முயற்சி.

இனிக் கணக்குக்கு வரலாம். தமிழ் வாசகருக்கு உரிய பகுதி இதுவே.

1892 பிப்ரவரியில் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பட்டியலில் தென்பெண்ணையும் உண்டு. முன்னறிவிப்பும் இசைவும் இன்றி மைசூர் புதிய பாசனப் பணிகளை எழுப்பக்கூடாது என்பது அதன் சாரம். கீழ்ப்பகுதியின் உரிமையை அது பாசன அணைக்கு எதிரான உரிமையாக, ஆகவே அளவின் உரிமையாக மட்டும் வரையறுத்தது. மேலே இருப்பவர் நீரைத் தடுப்பார் என்னும் அச்சம் அந்த ஆவணத்தில் இருக்கிறது. மேலே இருப்பவர் நீரைக் கெடுத்து அனுப்புவார் என்னும் அச்சம் இல்லை. பெங்களூருக்குக் குழாய்நீரே வராத ஆண்டு அது; அதைக் குறையாகச் சொல்வது நேர்மையன்று. அந்த மொழியே இன்றும் தொடர்கிறது என்பதுதான் சிக்கல்.

காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு வழங்கியபோது, பெங்களூரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகையில் உள்ளது என்று கொண்டு நகரின் தேவையைக் கணக்கிட்டது. மேலும், வீட்டுப் பயன்பாட்டுக்கு எடுக்கும் நீரில் 20 விழுக்காடு மட்டுமே நுகரப்படுவதாகக் கொள்ள வேண்டும் என்றும் வகுத்தது. மிச்சம் 80 விழுக்காடு ஏதோ ஒரு வழியில் ஆற்றுக்குத் திரும்பும் என்பது அதன் உட்கிடை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் படுகை எல்லையைத் தளர்த்தி, நகரை முழுமையாகக் கருதி, அதற்காக 4.75 டி.எம்.சி. கூடுதலாக அளித்தது. குடிநீர் மனித உரிமை என்னும் நோக்கில் அத்தீர்ப்பு நியாயமானதே. ஆனால் திரும்பும் நீர் எந்த ஆற்றுக்குத் திரும்பும்? படுகைக்கு வெளியே உள்ள மூன்றில் இரண்டு பகுதியின் கழிவுநீர் காவிரிக்குத் திரும்புவதில்லை; தென்பெண்ணையில் இறங்குகிறது. 80 விழுக்காடு என்னும் எண் காவிரியின் கணக்கேட்டில் இருக்கிறது. அந்த நீர் தென்பெண்ணையில் இருக்கிறது.

எவ்வளவு நீர்? காவிரியின் முதல் நான்கு கட்டங்களில் நகருக்கு வந்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,400 மில்லியன் லிட்டர். நடுவர் மன்றத்தின் விகிதங்களை அப்படியே எடுத்து, 80 விழுக்காட்டில் மூன்றில் இரண்டு பங்கைக் கண்டால் ஏறத்தாழ 750 மில்லியன் லிட்டர். குழாய்க் கசிவைக் கழித்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் கூட்டினால் எண் சற்றே மாறலாம். தோராயத்தின் அளவு மாறாது. ஆண்டுக்கு அது 9 முதல் 10 டி.எம்.சி. கெலவரப்பள்ளி அணையின் கொள்ளளவு 481 மில்லியன் கனஅடி, அதாவது அரை டி.எம்.சி.க்கும் குறைவு. ஆவியாதலும் இடைப்பயன்பாடும் இல்லையென்று வைத்துக்கொண்டால், பெங்களூரின் இக்கழிவுநீர் மட்டுமே அந்த அணையைப் பதினெட்டு நாளில் நிரப்பிவிடும். நந்தி மலையில் பிறந்து கடலூரில் கடல் சேரும் 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஒரு மழையாற்றின் தலைப்பகுதியில், வேறோர் ஆற்றின் நீர் கழிவின் வடிவில் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் கூடுதல் நீருக்கானது. அதன் கழிவும் இதே முகட்டிலிருந்து இரு பக்கமும் இறங்கும்.

இக்கணக்கில் 2018 முதல் புதிய வரி ஒன்று சேர்ந்தது. கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் இரண்டாம் நிலைவரை சுத்திகரித்த நீரை நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர் வரை ஏற்றி, வறண்ட கோலார் மாவட்டத்தின் 126 ஏரிகளை நிரப்பும் திட்டம் அது. 2018 ஜூனில் லட்சுமிசாகரா ஏரிக்கு முதல் நீர் சென்றது. சில வாரங்களில் அங்கும் நுரை தோன்றியது. உயர் நீதிமன்றமும் பின்னர் உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்து, பிறகு திட்டம் தொடர்ந்தது. ஹெப்பாள்–நாகவாரா பள்ளத்தாக்கிலிருந்து சிக்கபள்ளாபுரத்துக்கு 210 மில்லியன் லிட்டருக்கான இணைத்திட்டமும் உண்டு. ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளைக் கிணறு தோண்டிய கோலார் உழவருக்கு ஏரியில் நீர் நிற்பது சிறு செய்தியன்று. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு இன்றி அந்நீரை நிலத்தடி நீரில் ஊறவிடுவது சரியா என்று எழுந்த கேள்வியும் சிறியதன்று. கோலார் பாலாற்றின் தலைநிலமும் ஆகும். காவிரியில் எடுத்த நீர் பெண்ணைப் பள்ளத்தாக்கில் கழிவாகி, பாலாற்று நிலத்தில் ஏரிநீராகிறது. மூன்று ஆறுகளும் தமிழ்நாட்டுக்கு வருபவை.

இவ்விரு திட்டங்களின் முழு அளவையும் கூட்டினால் 650 மில்லியன் லிட்டர். முன் கண்ட 750க்கு அருகில் வந்துவிடுகிறது. நிலையத்திற்கு வந்து, சுத்திகரிப்புப் பெற்ற நீரே வெளியே ஏற்றப்படுகிறது. நிலையத்திற்கு வராமல் ராஜகாலுவேயில் ஓடியதை யாரும் ஏற்றுவதில்லை. அது ஏரிக்கும் ஆற்றுக்கும் இறங்குகிறது. முன்பு சுத்திகரித்ததும் சுத்திகரிக்காததும் கலந்து சென்ற இடத்தில், சுத்திகரித்த பங்கு மேலும் மேலும் விலக்கப்பட்டால், எஞ்சுவது அளவில் குறைந்தும் செறிவில் மிகுந்தும் இருக்கும். கோலாரின் வெற்றியும் ஒசூரின் இழப்பும் ஒரே எந்திர அறையில் முடிவாகும் நிலை இது. இதனைக் கர்நாடகத்தின் சூழ்ச்சி என்று படிப்பது எளிது, தவறும்கூட. திட்டம் தீட்டியவர்களின் தாளில் தென்பெண்ணை என்னும் பத்தியே இல்லை என்பதுதான் காரணம்.

தமிழ்நாடு இதனை எந்த மொழியில் எதிர்கொண்டது? தென்பெண்ணையின் கிளையாறான மார்க்கண்டேயத்தின் குறுக்கே யார்கோலில் கட்டிய அணையை முன்னிட்டு 2018இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அடிப்படை 1892 ஒப்பந்தம். 2019 நவம்பர் 14 அன்று இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது, தீர்ப்பாயம் கோரும் வழி காட்டப்பட்டது, தமிழ்நாடும் கோரிற்று. வாதத்தின் மையம் அணையும் அதில் தேங்கும் அளவும். கொடியாளம் அருகே எல்லை தாண்டி வரும் நீரின் தன்மை அந்த வாதத்தில் மையமாகவில்லை. ஆற்றின் பெயர்கூட எல்லையில் மாறுகிறது: மேலே தக்ஷிண பினாகினி, கீழே தென்பெண்ணை. இரு மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியங்களின் தரவுகளை ஒப்பிட முயலும் மாணவர், ஒரே ஆற்றை இரண்டு பெயர்களில் தேட வேண்டும்.

கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் எழும் காட்சி கடந்த சில ஆண்டுகளாக மழைக்காலச் செய்தியாகிவிட்டது. இடதுபுற, வலதுபுறக் கால்வாய்களில் அந்நீர்தான் ஒசூர், சூளகிரிப் பக்கத்து வயல்களுக்குச் செல்கிறது. எஞ்சியது கிருஷ்ணகிரி அணைக்கும், பின் சாத்தனூருக்கும். அணையின் நிலவரம் நாள்தோறும் வெளியாகிறது. மொத்த உயரம் 44.28 அடி, அன்றைய நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி. நான்கு எண்களும் அளவைச் சொல்பவை. கரைந்த ஆக்சிஜனுக்கு அதில் ஓர் இடம் இல்லை.